லூர்துவின் நோட்டும் எங்கள் ஸ்ட்ரிப்பும்

பட்டர்வொர்த்தில் பிறந்து, ஐம்பத்திரண்டு வயது வரை அங்கேயே குப்பை கொட்டியவள் நான். ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய் வந்தாலே அன்றைக்குப் பாதி நாள் எனக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்டவளை ஆறு நாள் வடசென்னைக்குத் துரத்தியது ஒரு சுகர் ஸ்ட்ரிப்.

விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தொட்டு, மிஷினில் எண் பார்ப்பீர்களே, அந்தச் சின்னப் பட்டைதான். அதைச் செய்யும் கம்பெனியில் சோதனைக்கூடம் என் பொறுப்பு. பட்டையின் நுனியில் ஒரு நொதி காய்ந்து ஒட்டியிருக்கும். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அதன்மேல் பட்டால் துளி மின்சாரம் கிளம்பும். மிஷின் அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாகச் சொல்லும். அவ்வளவுதான் சங்கதி. தொல்லை என்னவென்றால் இந்த நொதி ரொம்ப நோஞ்சான். சூடு பட்டால் செத்துவிடும், ஈரம் பட்டால் கெட்டுவிடும். செத்த பிறகும் பட்டை சும்மா இருக்காது, எண்ணைக் குறைத்துக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

நான்கு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். ட்ரெஹலோஸ் என்று ஒரு சர்க்கரை, காளானில்கூட உண்டு. அதை நொதியோடு கலந்து காயவைத்தால் சூட்டில் நொதி சுருண்டு போகாமல் அது பிடித்துக்கொள்ளும். சர்க்கரையை அளக்கும் சாமானைக் காப்பாற்ற இன்னொரு சர்க்கரை! மூடிய டப்பாவில் போட்டு நாற்பத்தைந்து டிகிரிச் சூட்டுப் பெட்டியில் ஆறு மாதம் வைத்தோம். பட்டை அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ராயபுரத்தில் ஒரு சின்ன இலவச கிளினிக் மூலமாக அங்கேயும், திருவொற்றியூர், எண்ணூர் பக்கமும் சில வீடுகளில் இந்தப் பட்டையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா வீட்டிலும் சரி, ராயபுரத்தில் ஒரே ஒரு வீட்டில் வந்த சுகர் எண் மட்டும் கிளினிக் எண்ணோடு ஒட்டவே இல்லை. "போய்ப் பார்த்துட்டு வா கோமதி, உனக்குத்தானே தமிழ் தெரியும்," என்றார் மேனேஜர். கம்பெனியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எந்தத் தலைவலி வந்தாலும் என் தலையில்தான் கட்டுவார்கள்.

திங்கட்கிழமை வந்து இறங்கினேன். ஆகஸ்ட் கடைசி. வெயில் குறைந்திருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியது என் தப்பு. ஈரக் காற்று எங்கள் ஊர் மாதிரியேதான், ஆனால் எங்கள் ஊரில் சாயங்காலம் ஒரு மழை கொட்டி முகத்தைக் கழுவிவிடும். இங்கே அந்த இரக்கம் இல்லை.

கிளினிக்கை நடத்தும் நர்ஸ் ஸ்டெல்லா என்னை லாட்ஜில் விட்டுவிட்டு, எதிர் டீக்கடையைக் காட்டிவிட்டுப் போனார். நல்ல சுறுசுறுப்பான பெண். வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

"சீனி போடாமல் ஒரு தே" என்று கேட்டேன். டீக்கடைக்காரர் புரியாமல் பார்த்தார். திருத்தி, "சர்க்கரை இல்லாமல் டீ" என்றேன்.

"சுகரா யம்மா?"

"இல்லை, பழக்கம்."

யாரும் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர், "அதெல்லாம் வேஸ்ட்டு, பாவக்கா ஜூஸு அடி" என்று அவரோடு சண்டைக்குப் போனார். எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சீனியும் இல்லாத டீ, என்று சொன்னால் ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்காது. இங்கே டீ வருவதற்குள் எனக்கு மூன்று வைத்தியம் நடந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை எண்ணூர். காலை ரயிலில் ஏறியதும் ஒரு மீன் கூடைக்கும் ஒரு சைக்கிள் டயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். எண்ணூர் வந்தபோது வாசல் பக்கம் போக வழியில்லை. "இறங்கணும், இறங்கணும்" என்று கத்தினேன். "மொதல்லயே வாசப்பக்கம் வந்து நிக்கணும் யம்மா, இன்னா நீ!" என்று கூடைக்காரம்மா எனக்குப் பாடம் எடுத்து முடிப்பதற்குள் அத்திப்பட்டு புதுநகர் வந்துவிட்டது. அங்கே இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாகத் திரும்பி வந்தேன்.

எண்ணூரில் நான் பார்த்த வீட்டுக்குத் தகரக் கூரை. உள்ளே வைத்த வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. பட்டை டப்பாவை அந்த வீட்டம்மா அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். என் பையில் எப்போதும் அளவு தெரிந்த சர்க்கரைத் தண்ணீர் ஒரு குப்பி இருக்கும். நல்ல பட்டை அதைத் தொட்டால் நூற்றுப்பத்துக்கும் நூற்றுநாற்பதுக்கும் நடுவில் காட்ட வேண்டும். எடுத்துத் தொட்டேன். நூற்று இருபத்துநான்கு! அந்தத் தகர அடுப்புக்குள் நின்றுகொண்டு ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது.

சந்தோஷத்தில் ரோட்டோரம் ஒரு தட்டு அத்தோ வாங்கிச் சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மேலே நொறுக்கிப் போட்ட தட்டை, கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் மீகோரெங் நூடுல்ஸ் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி நிற்க வேண்டியதுதான். திரும்பி வரும்போது பஸ் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. திருவொற்றியூர் வர இரண்டு மணி நேரம். எனக்குக் கோபமே வரவில்லை. என் பட்டை நாற்பத்தொரு டிகிரியில் நிஜம் பேசியிருக்கிறது, லாரி எப்போது நகர்ந்தால் எனக்கென்ன?

அந்தப் பெருமையோடு புதன்கிழமை, எண் ஒட்டாத அந்த வீட்டுக்காரர் லூர்துவைப் பார்க்கப் போனதுதான் வினை.

போகும் வழியில் ஸ்டெல்லா விவரம் சொன்னார். லூர்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று நின்று வலது கால் விரலில் புண். மரத்துப்போன விரல், வலி தெரியவில்லை. புண் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆனால் அவர் நோட்டில் தினமும் எழுதும் சுகர் நூற்று முப்பதை ஒட்டியே இருக்கிறது.

"நான் மூணு தடவ கிளினிக்ல பார்த்தேன். முந்நூறுக்குக் கீழ எறங்கல," என்றார் ஸ்டெல்லா. "காலைல வீட்டுல நூத்தி முப்பது, ஒம்பது மணிக்கு என்கிட்ட முந்நூறு. நடுவுல என்ன, சக்கரை மூட்டைக்குள்ள விழுந்து எழுந்து வர்றாரா? பொய் எழுதுறாரு மேடம். அவர் சம்சாரம் மேரி ரெண்டு மாசமா அவரோட பேசறதில்ல. திருட்டுத்தனமா இனிப்பு சாப்ட்டுட்டு பொய்யும் எழுதுறாருன்னு."

விஷயம் அதோடு நிற்கவில்லை. போன சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே வார்டில் சேர், இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டும், வரும் சனிக்கிழமை கால் எவ்வளவு மிஞ்சும் என்று முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லூர்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஊசி போட்டு சுகர் இறங்கவில்லை என்றால் விரலோடு போகாது, பாதமும் போகும்.

ஐஸ் கம்பெனியில் சுவிட்ச் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டிமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். படியத் தலை சீவி, கழுத்தில் சிலுவை. பெரிய பெரிய ஐஸ் பாளங்கள் மிஷினுக்குள் போய்ப் பொடியாக விழுந்துகொண்டிருந்தன. நாங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இன்னாம்மா, மலேசியாவுலேந்து எனக்கோசரமா வந்துகீறீங்க?" என்று சிரித்தார். நோட்டை எடுத்துக் காட்டினார். "தோ பாருங்க. டெய்லி காலைல எயுதிகினு வரேன். ஒரு நாளு வுடல." 128, 119, 131, 124. அச்சடித்தது மாதிரி எழுத்து.

பட்டை டப்பாவைக் கேட்டேன். வீட்டில் இருக்கிறது, மேரி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. எண்ணூரில் பார்த்தேனே! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "அண்ணே, எங்க ஸ்ட்ரிப் பொய் சொல்லாது. எழுதுற கைதான் பொய் சொல்லும்," என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. நோட்டை மூடினார்.

"பொய் சொல்லாதா?"

"சொல்லாது."

"என் கையும் பொய் சொல்லல யம்மா. மாதா மேல ஆணையா மிசின்ல இன்னா வந்திச்சோ அத்தத்தான் எயுதினேன். அப்ப நம்பரு நெஜம்தானே? நூத்தி முப்பது கீற ஆளுக்கு ஊசி போட்டா மயக்கம் போட்டு பூடுவான்னு சிஸ்டரே சொல்லிகீது. அப்பால நான் இன்னாத்துக்கு ஊசி போட்டுக்கணும்? ஆஸ்பத்திரி மிசின்தான் ராங்கு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. லூர்துவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான்கு நாளாகப் போராடிக்கொண்டிருந்தவர் அவர். நான் வந்து ஐந்து நிமிஷத்தில் கதவைச் சாத்திவிட்டேன். வெளியே வந்ததும், "உங்க கம்பெனி ஸ்ட்ரிப்ப விட்டுக்கொடுக்க மனசு வரல, இல்ல?" என்று மட்டும் கேட்டார். மத்தியானம் சுறாப்புட்டு வாங்கிக் கொடுத்தார், எனக்கு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஹவுசிங் போர்டு குடியிருப்பு. லூர்து வேலைக்குப் போயிருந்தார். மேரி மொட்டை மாடியில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாடி முழுக்கக் கருவாடு. நெத்திலி ஒரு பக்கம், வாளை ஒரு பக்கம், காக்காய்க்கு வலை போர்த்தியிருந்தது. நடுவில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மேரி உட்கார்ந்திருந்தார். பட்டைக் கம்பெனிக்காரர் என்று ஸ்டெல்லா என்னைக் காட்டினார்.

"யக்கா, கொஞ்சம் நவுந்து நில்லு. நெழலு வுழுது," என்றார்.

குனிந்து பார்த்தேன். நெத்திலித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நியூஸ் பேப்பர். அதன்மேல் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், முப்பது பட்டைகள் வெயிலில் படுத்திருந்தன.

"இது... இது என்ன மேரி?"

"உங்க பட்டதான். ஐஸ் பொட்டில வெச்சா நமுத்துப் பூடுது. வாரத்துக்கு ஒரு தபா காயவெச்சா மொடமொடன்னு ஆயிடும். எனுக்குக் காயவெக்கத் தெரியாதா இன்னா?"

ஒரு பட்டையைக் கையில் எடுத்தேன். "ஐஸ் பெட்டியிலா? ஏன்?"

மேரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கீழே போய், மடித்து வைத்திருந்த எங்கள் விவரத்தாளை எடுத்து வந்து நீட்டினார். விரல் வைத்துப் படித்தார். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். குளுந்த எடம்னா எங்குளுக்கு ஐஸ் பொட்டிதான் கீது. அவருதான் டெய்லி புது ஐஸு கொண்டாருவாரே. ஒலர்றதுக்கு மாடி. நீங்க சொன்ன மாரிதான் செஞ்சிகினு வரோம்."

அந்தத் தமிழ் வரியை எழுதியது நான். ஏசி அறையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில், ஆங்கிலத் தாளைப் பார்த்து அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். முப்பது டிகிரிக்குக் கீழே, டப்பாவின் மூடியை இறுக்கி, என்று நான் எழுதியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை. ஐஸில் ஜில்லென்று இருக்கும் டப்பாவை ராயபுரத்துக் காற்றில் திறந்தால் உள்ளே தண்ணீர் கோர்க்கும். நொதியும் என் ட்ரெஹலோஸும் அதில் ஊறிக் கரையும். பிறகு வெயில். நான்கு வருஷம் சூட்டுக்கு எதிராக மட்டும் சண்டை போட்டேன், மூடிய டப்பாவோடு. திறந்து மூடுகிற மனிதர்களை நினைத்தே பார்க்கவில்லை.

பேப்பரிலிருந்து மூன்று பட்டைகளை எடுத்து என் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டேன். ஐம்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு. என் பையிலிருந்த புது டப்பாவில் ஒன்று: நூற்று இருபத்திரண்டு.

"அப்ப அந்த ஆளு எயுதினது?" என்றார் மேரி.

"மிஷின் காட்டினதைத்தான் எழுதியிருக்கார். ஒரு எண் கூட அவர் பொய்யா எழுதல."

மேரி அப்படியே கருவாட்டுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசம் யக்கா. ஒரே வூட்ல. சோத்தப் போட்டு தட்டத் தள்ளி வுட்டுட்டுப் பூடுவேன். 'நான் பொய் சொல்லல மேரி'ன்னு பின்னாலயே வருவாரு. மூஞ்ச திருப்பிக்குவேன்." பிறகு திடீரென்று குரல் ஏறியது. "இன்னா பண்ணி வெச்சிகீறீங்க நீங்கோ! ஒரு வார்த்த, ஐஸுல வெக்காதீங்கன்னு ஒரு வார்த்த போட்டா கொறஞ்சா பூடுவீங்க?"

ஈரம், நொதி என்று விளக்க ஆரம்பித்தேன். என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. நிறுத்திவிட்டு, "தப்பு என்னோடது மேரி. அதை எழுதினது நான்தான்," என்றேன். ஸ்டெல்லா மூக்கைச் சிந்திக்கொண்டு, "நானும்தான் அவரைத் திட்டினேன்," என்றார்.

ஆள் அனுப்பி லூர்துவை வரவழைத்தோம். ஒரே விரல், ஒரே சொட்டு ரத்தம். பழைய பட்டையில் நூற்று முப்பத்துமூன்று, புதுப் பட்டையில் முந்நூற்று நாற்பத்தொன்று. அவர் இரண்டு மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஆஸ்பத்திரில சொன்னது நெஜமா?"

"நெஜம் அண்ணே. நேத்து நான் சொன்னதுதான் பொய்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "கேட்டியா மேரி?" என்றார். மேரி தலையைக் குனிந்துகொண்டு, அவர் சட்டை, லுங்கியை ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தார். மத்தியானமே வார்டில் சேர்த்தோம். நர்ஸ் இன்சுலின் ஊசியோடு வந்தபோது லூர்து தானே கையை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜரோடு போனில் சண்டை. "ஐஸில் வைத்தார்களா? பிறகென்ன, உபயோகித்தவர் தவறு என்று எழுதி ஃபைலை மூடு," என்றார் சிரித்துக்கொண்டே. இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றைக்கு உயர்த்தினேன். டீக்கடை வாசலில் நின்றுகொண்டு மலாயில் நான் போட்ட சத்தத்துக்கு லாரி டிரைவர்கள் வழிவிட்டு நின்றார்கள். லாட்ஜுக்குப் போய் அறிக்கையை முடித்தேன். காரணம்: விவரத்தாள். எழுதியவர்: நான். இனிமேல் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனி அலுமினியத் தாளில் அடைத்துத் தர வேண்டும். ஐஸில் வைத்து, ஈரக் காற்றில் திறந்து, வெயிலில் காயவைத்துப் பார்க்கும் சோதனையில் தேறாத பட்டையை வெளியே அனுப்பக்கூடாது. கிளினிக்குக்குத் தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். ஐஸ் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், வெயில் வேண்டாம், மூடியை இறுக்கி அலமாரியில் வை. மேரியிடம் முதலில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை லூர்துவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. "போன வாரமே ஊசி ஆரம்பிச்சிருந்தா ஒரு விரலோட நின்னிருக்கலாம்," என்றார் டாக்டர். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த ஒரு விரல் இன்னும் கணக்குத் தீரவில்லை.

சாயங்காலம் விமானம் ஏறுவதற்கு முன்னால் வார்டுக்குப் போனேன். மரப்பு மருந்தின் வேகம் குறைந்துகொண்டிருந்த நேரம், மரத்த விரல்களுக்கு மேலே வெட்டியிருந்தார்கள். லூர்துவின் நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை கட்டிலின் இரும்புச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, முட்டி வெளுத்துப் போயிருந்தது. மேரி ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லமே. கொஞ்சங்கூட இல்ல."

பக்கத்துக் கட்டில்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும், அது பச்சைப் பொய் என்று. மேரி அந்தக் கையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். முந்தானையால் வேர்வையைத் துடைத்துவிட்டார்.

"சரிய்யா," என்றார். "நீ சொன்னா சரிதான்."